அம்மா டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார், சம்மதிக்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 81 வயது. நெடுநாள் சர்க்கரை, இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஜிஎஃப்ஆர் அளவு இப்போது 9. டயாலிசிஸ் ஊசி போட வசதியாகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டுவிடலாம், சீக்கிரமே டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். அம்மா "எனக்கு அந்த மெஷின் வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்கிறார். "சிகிச்சை இருந்தும் கொடுக்காமல் விட்டால் கொலைக்குச் சமம்" என்கிறார் அண்ணன். நான் யார் பக்கம் நிற்பது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, காலை

கடந்து வந்திருக்கிறேன், இரண்டு விதமாகவும். அப்பா பல வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டு, கடைசியில் அவரே நிறுத்தச் சொன்னவர். பெரியம்மா ஆரம்பிக்கவே இல்லை. இரண்டு பேரோடும் கடைசிவரை இருந்தேன்.

கொலை இல்லை. இதை உங்கள் அண்ணனிடம் தயங்காமல் சொல்லுங்கள். உயிரை எடுப்பது நோய். நினைவு தெளிவாக இருக்கிற ஒருவர், விவரம் எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம். ஆரம்பித்த சிகிச்சையை நடுவில் நிறுத்தவும் சொல்லலாம். மருத்துவ நெறியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆனால் அம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? ஊசிக்குப் பயமா? பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்றா? செலவை நினைத்தா? தெரிந்தவர் யாரோ மெஷினில் கஷ்டப்பட்டதைப் பார்த்துவிட்டா? இல்லை, எல்லாவற்றையும் யோசித்து, மிச்சமிருக்கும் நாளை ஆஸ்பத்திரியில் கழிக்க மனமில்லை என்றா? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பயம் என்றால் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு தடவை அழைத்துப்போய், செய்துகொள்கிற நாலு பேரிடம் பேசவிடலாம். பாரம் என்றால் அதற்கு நீங்களும் அண்ணனும்தான் பதில் சொல்ல வேண்டும். மனச்சோர்வாகவும் இருக்கலாம். சிறுநீரக நோயாளிகளிடம் அது நிறையவே உண்டு, மருந்தும் உண்டு. அதையெல்லாம் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், அதுதான் அவர் முடிவு.

பெரியம்மாவிடம் இதைக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டவர் ஒரு நர்ஸ். பெரியம்மா தயாராகவே இருந்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "இத்தனை நாளா யாரும் கேக்கலையே" என்றார்.

பிப்ரவரி 2, இரவு

டயாலிசிஸ் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். போய் வருவதையும், வந்தபின் அடித்துப் போட்டதுபோல் படுத்திருப்பதையும் சேர்த்தால் அந்த நாள் முடிந்தது. நல்ல சிறுநீரகம் செய்கிற வேலையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் மெஷின் செய்கிறது. யூரியா இறங்கும், பொட்டாசியம் இறங்கும், கோத்துக்கொண்ட நீர் வெளியேறும். சர்க்கரையால் பழுதான ரத்தக் குழாய், பலவீனமான இதயம், மங்கிவரும் ஞாபகம் ஆகியவை அப்படியேதான் இருக்கும்.

அதற்காக டயாலிசிஸே கூடாது என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு அது பல நல்ல வருடங்களைக் கொடுத்தது.

பிப்ரவரி 3

"81 வயதில் எதற்கு இதெல்லாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. தானே நடந்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் எண்பது வயதுக்காரர் டயாலிசிஸில் நன்றாகவே இருக்கலாம். கூட என்னென்ன நோய் இருக்கிறது, உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

75 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் செய்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் இருந்தார்கள். ஆனால் வேறு பல நோய்களும், குறிப்பாக இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பும் உள்ளவர்களிடம் அந்தக் கூடுதல் காலம் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. 2009-ல் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் டயாலிசிஸ் ஆரம்பித்த 3,702 பேரைப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். ஆரம்பிக்கும்போது என்னென்ன வேலைகளைத் தாங்களே செய்தார்களோ, அதே நிலையில் இருந்தவர்கள் வெறும் 13 சதவீதம்.

சகோதரி, உங்கள் அம்மா பராமரிப்பு இல்லத்தில் இல்லை. அதனால் இந்த எண்ணை அப்படியே அவருக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் ஸ்டென்டும் சர்க்கரையும் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்க வேண்டியதை இப்படிக் கேளுங்கள்: "அம்மா மாதிரி ஒருவருக்கு டயாலிசிஸ் செய்தால் அடுத்த வருடம் எப்படி இருக்கும், செய்யாவிட்டால் எப்படி இருக்கும்? இரண்டிலும் நல்லபடியாகப் போனால் என்ன, மோசமாகப் போனால் என்ன?" நாலு பதில் கிடைக்கும். அந்த நாலையும் அம்மா தன் காதால் கேட்கட்டும்.

பிப்ரவரி 4

டயாலிசிஸ் இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்று பலரும் நினைக்கிறீர்கள் என்பது பதில்களைப் படிக்கும்போது தெரிகிறது. மாற்ற வேண்டிய முதல் எண்ணம் அதுதான்.

பெரியம்மாவுக்கு ஒவ்வொரு மாதமும் டாக்டரைப் பார்க்கும் முறை இருந்தது. ரத்தசோகைக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் போட்டார்கள். காலில் நீர் கோத்தால் சிறுநீர் பெருக்கி மாத்திரையின் அளவை மாற்றினார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியதற்கு பைகார்பனேட். பிபி மாத்திரைகளில் தேவையில்லாததை எடுத்துவிட்டார்கள். கொழுப்பு மாத்திரையையும் நிறுத்தினார்கள், இருபது வருடம் கழித்து வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கிற மாத்திரை இனி எதற்கு என்று. அரிப்புதான் அவரை ரொம்ப வாட்டியது. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருப்பார். தோலுக்கு ஈரப்பதம் தரும் கிரீமும், மிகக் குறைந்த அளவில் காபாபென்டினும் கொடுத்த பிறகு தூங்க ஆரம்பித்தார். கால் துடிப்பும் அதிலேயே குறைந்தது.

இதெல்லாம் சிகிச்சைதான், அதுவும் கவனமான சிகிச்சை. சிறுநீரக டாக்டரும், வலி, மூச்சு முட்டல் போன்ற கஷ்டங்களைக் குறைக்கிற ஆதரவு சிகிச்சை குழுவும் சேர்ந்து பார்த்தால் இன்னும் நன்றாக நடக்கும்.

எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். ஜிஎஃப்ஆர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. மாதக்கணக்கில் நிலையாக இருப்பவர்கள் உண்டு, ஒரு வருடத்தைத் தாண்டுகிறவர்களும் உண்டு. பெரியம்மா தாண்டினார். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் வீட்டுக்குள் நடமாடினார், எல்லோரையும் அதிகாரம் பண்ணினார், பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். உடம்பு மளமளவென்று இறங்கியது கடைசி ஓரிரு மாதங்களில்தான்.

பிப்ரவரி 5

"ஜிஎஃப்ஆர் 9 என்றால் இன்றே ஆரம்பிக்கணும், பேசிக்கொண்டிருக்க நேரமில்லை" என்று பயமுறுத்த வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஐடியல் ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு குழு 10-14 அளவிலேயே ஆரம்பிக்க வேண்டும், இன்னொரு குழு 5-7 வரை காத்திருக்க வேண்டும் என்பது திட்டம். இறப்பில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. காத்திருக்கச் சொன்ன குழுவிலும் முக்கால்வாசிப் பேர் அறிகுறிகள் வந்ததால் 7-க்கு இறங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆக, அந்த எண்ணைவிட உடம்பு என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது, விடாத வாந்தி, மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், குழப்பம் இவைதான் அவசரம்.

அந்த அவசரம் எப்போது வரும் என்று தெரியாது. அதனால்தான் இப்போதே பேசச் சொல்கிறேன். முடிவெடுக்காத வீட்டில் நடப்பது இது: நடு ராத்திரி மூச்சு முட்டுகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, அவரை முன்பின் பார்த்திராத டியூட்டி டாக்டர் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸை ஆரம்பித்துவிடுகிறார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு வேறு எதுவும் தெரியாது. விடிவதற்குள் அம்மா ஐசியூவில் இருப்பார், அவருடைய "வேண்டாம்" யாருக்கும் கேட்டிருக்காது.

இன்னொன்று. யூரியா ஏற ஏற மூளை மந்தமாகும். இன்று தெளிவாகப் பேசுகிற அம்மா ஆறு மாதம் கழித்து அப்படிப் பேச முடியும் என்று உறுதி இல்லை. புற்றுநோயில் கடைசிவரை தெளிவாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் பல நேரம் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

பிப்ரவரி 8

அப்பாவைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வருடங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாகப் போயின. தண்ணீர் அளவைக் கறாராகப் பார்த்துக்கொள்வார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடையை ஒரு நோட்டில் எழுதுவார். மெஷினில் படுத்தபடியே செய்தித்தாளை வரிவிடாமல் படிப்பார்.

அப்புறம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் அவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை. மெஷினில் போட்டதும் பிபி இறங்கும், பாதியில் நிறுத்துவார்கள், நீர் முழுதாக எடுக்க முடியாது, அடுத்த நாள் மூச்சு வாங்கும். வீட்டில் இருக்கிற நாளிலும் தூக்கம்தான். செய்தித்தாள் மடித்தது மடித்தபடி கிடக்கும்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவராகவே கேட்டார்: "இதை நிறுத்தினா என்னாகும்?" நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "டாக்டர்கிட்ட நான் கேக்கறேன், நீ கூட இரு, போதும்" என்றார்.

அந்த டாக்டருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடனே சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. வலி ஏதாவது அடங்காமல் இருக்கிறதா, மனசு சோர்ந்திருக்கிறதா, டயாலிசிஸ் நேரத்தையோ முறையையோ மாற்றினால் கொஞ்சம் லேசாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலதை மாற்றியும் பார்த்தோம். சில வாரம் கழித்து மறுபடி கேட்டார். அப்பாவின் பதில் மாறவில்லை. "சரி, அப்படியானால் உங்களுக்குக் கஷ்டமில்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. வெளிநாட்டில் இருந்த தம்பி, நான் அப்பாவின் மனதைக் கலைத்துவிட்டதாக நினைத்தான். அதைத் தீர்த்தது அப்பாதான். வீடியோ காலில் அவனிடம் நேரடியாகப் பேசினார். "நான் களைச்சுட்டேன்டா. உங்க யார் மேலயும் கோபம் இல்ல" என்றார். அவன் வந்து சேரும்வரை டயாலிசிஸை நிறுத்தாமல் தொடர்ந்தார். முடிவு அவர் கையில் இருந்ததால்தான் இது முடிந்தது. சகோதரி, உங்கள் அண்ணனிடம் அம்மாவே பேசட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நீங்கள் எடுத்துச் சொன்னால் அது உங்கள் கருத்தாகத்தான் அவருக்குக் கேட்கும்.

நிறுத்திய பிறகு ஒரு வாரம்போல இருந்தார். முதல் சில நாள் நன்றாகப் பேசினார், தண்ணீர்க் கட்டுப்பாடு போனதில் சந்தோஷம். அப்புறம் தூக்கம் கூடிக்கொண்டே போனது. பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் நடக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

பிப்ரவரி 9

"ஒரு வாரம்" என்று எழுதியதை எல்லோருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்குச் சிறுநீர் அறவே நின்றுபோயிருந்தது. அப்படி உள்ளவர்களுக்குச் சராசரியாக ஒரு வாரம், பத்து நாள். இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் நீளலாம். அண்மையில் டயாலிசிஸ் ஆரம்பித்தவர்கள் நிறுத்தினால் அதற்கும் மேலேகூடப் போகலாம்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. கட்டுப்பாடு போய்விட்டது என்று கேட்டதெல்லாம் கொடுத்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். ஆசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், வாயை அடிக்கடி ஈரப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவார்கள். இந்த நிலையில் அது பெரும்பாலும் கஷ்டத்தைத்தான் கூட்டும்.

பிப்ரவரி 10

மருந்து பற்றிக் கேட்டவருக்கு. நான் டாக்டர் இல்லை. ஆனால் சிறுநீரகம் போனவர்களின் கடைசிக் காலத்தில் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

மார்ஃபின் உடலில் மாறி உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் அவை தேங்கும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், குழப்பம் வரும், மூச்சு மந்தமாகும். அதனால் ஃபென்டானில், பியூப்ரெனார்ஃபின் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். மூச்சு முட்டலுக்கும் இவற்றைச் சிறிய அளவில் பயன்படுத்துவார்கள். புற்றுநோய்க்குப் பழகிய ஆதரவு சிகிச்சை குழுவாக இருந்தாலும் "சிறுநீரகம் வேலை செய்யவில்லை" என்பதை நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. குமட்டலுக்கு ஹாலோபெரிடால் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. பதற்றத்துக்கு மிடாஸோலம்.

இவை தேவைப்படும்போது தேடி ஓடக்கூடாது. என்ன அறிகுறிக்கு எது, எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, மருந்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு மூச்சு முட்டியது விடிகாலையில். மருந்து அலமாரியில் இருந்தது, எழுதிய தாள் பக்கத்தில் இருந்தது, நர்ஸ் போனில் சொல்லச் சொல்லக் கொடுத்தோம். அன்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

பிப்ரவரி 12

"டயாலிசிஸ் கண்டுபிடித்ததே உயிரைக் காப்பாற்றத்தானே, கிடைக்காமல் செத்தவர்கள் எத்தனை பேர்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையில் நிரந்தரமாக இருக்கக்கூடிய குழாயை உருவாக்கிய பிறகுதான் தொடர் டயாலிசிஸே சாத்தியமாயிற்று. முதலில் அதைப் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருடம் வாழ்ந்தார். மெஷின்கள் குறைவு என்பதால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்மக்கள் அடங்கிய ஒரு குழுவையே அங்கே வைத்தார்கள். வேலை, குடும்பம், குணம் எல்லாம் பார்த்து ஆள் எடுத்தார்கள். கொடுமை அது. இன்றும் வசதியில்லாமல் டயாலிசிஸ் கிடைக்காமல் இறப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வேண்டும் என்பவருக்குக் கிடைக்காதது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இந்தச் சகோதரியின் அம்மா வேண்டாம் என்கிறவர். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் சிறுநீரக நோயாளிகளிடம் எடுத்த கணக்கெடுப்பு 2010-ல் வந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்ததற்காக வருந்துவதாக 61 சதவீதம் பேர் சொன்னார்கள். முந்தைய ஒரு வருடத்தில் டாக்டர் தங்களிடம் இறுதிக்காலம் பற்றிப் பேசினார் என்று சொன்னவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு.

பிப்ரவரி 13

நேற்று எழுதிய 61 சதவீதம் பற்றி ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் இரண்டாம் வருடத்தில் கேட்டிருந்தால் அவரும் மோசமான ஒரு நாளில் வருத்தம் என்று சொல்லியிருப்பார், அடுத்த நாள் எழுந்து போயும் இருப்பார். வருந்தியவர்கள் எல்லோரும் சாக விரும்பினார்கள் என்று அந்த எண்ணைப் படிக்கக்கூடாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டாவது எண். பேசவே இல்லை என்பது.

பிப்ரவரி 15

அண்ணன் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், ஆனால் "முயற்சிகூடச் செய்யாமல் எப்படி" என்கிறார் என்று சகோதரி எழுதியிருக்கிறார். அதற்கும் வழி இருக்கிறது. காலவரையறை வைத்த டயாலிசிஸ். ஒரு மாதமோ மூன்று மாதமோ செய்து பார்ப்பது, முடிவில் உட்கார்ந்து பேசி, தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது. அமெரிக்க சிறுநீரக மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது.

ஆனால் அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். அண்ணன் மனசு ஆறுவதற்காக அம்மா கையில் ஊசி ஏறக்கூடாது.

செய்வதானால் ஆரம்பிக்கும் முன்பே சிலதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் உட்கார்ந்து பேசப் போகிறோம்? எதைப் பார்த்து 'பலன் இருக்கிறது' என்று சொல்வோம்? அம்மா தானே குளிக்க முடிவதா, பசி எடுப்பதா, மூச்சு லேசாவதா? ரத்தப் பரிசோதனை எண்கள் அல்ல. எண்கள் எப்படியும் நன்றாகத்தான் வரும். அன்று பேச்சைத் தொடங்கப்போவது யார் என்பதையும் எழுதுங்கள். இது ரொம்ப முக்கியம். ஆரம்பித்த டயாலிசிஸை நிறுத்துவது சட்டப்படியும் நெறிப்படியும் ஆரம்பிக்காததற்குச் சமம்தான், ஆனால் மனசுக்கு அது பல மடங்கு கனம். யாரும் வாயைத் திறக்காமல் மூன்று மாதம் மூன்று வருடமாகிவிடும்.

வயிற்று வழியாக வீட்டிலேயே செய்கிற பெரிட்டோனியல் டயாலிசிஸ் அம்மாவுக்கு ஒத்துவருமா என்றும் கேளுங்கள். ரத்தக் குழாய் ஊசி இல்லை, பிபி சட்டென்று இறங்குவதும் குறைவு. ஆனால் தினமும் செய்ய ஒரு ஆள் வேண்டும்.

பிப்ரவரி 16

"எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

"இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கணுமா, வென்டிலேட்டர் வேணுமா" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. நான் பெரியம்மாவிடம் அந்த நர்ஸ் கேட்டதையே சொல்கிறேன். உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? வரப்போகிறதில் எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? ஒரு நாள் நல்ல நாளாக இருக்க என்ன வேண்டும்? எந்த நிலைக்குப் போனால் இனி போதும் என்று தோன்றும்? நீங்கள் பேச முடியாத நிலையில் உங்களுக்காக யார் பேச வேண்டும்?

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இடையில் புகுந்து "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்ன அந்த நொடியில் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பெரியம்மா தனக்காகப் பேச என்னைச் சொன்னார், தன் மகனைச் சொல்லவில்லை. "அவன் அழுதுடுவான், நீ சொல்லிடுவ" என்றார். மகனும் அங்கேயே இருந்தார். அவர் முன்னால் சொன்னதால் பின்னாளில் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

நெஞ்சை அமுக்குவது பற்றியும் பேசியாக வேண்டும். பல நோய் சேர்ந்த, தளர்ந்த சிறுநீரக நோயாளிகளில் அதற்குப் பிறகு பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. இதயத்தில் ஷாக் கொடுக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதை எப்போது அணைத்து வைப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அணைக்காவிட்டால் கடைசி நேரத்தில் அது தன் பாட்டுக்கு ஷாக் கொடுக்கும்.

பிப்ரவரி 17

எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சிங்கப்பூரில் இதற்கான முன்விருப்பச் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இந்த உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, மாஜிஸ்திரேட்டுக்குப் பதிலாக நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. நீங்கள் இருக்கும் இடத்தின் நடைமுறையை அங்கேயே விசாரியுங்கள்.

தாளை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். ஒரு நகல் சிறுநீரக டாக்டரிடம், ஒன்று டயாலிசிஸ் பிரிவில், ஒன்று அவருக்காகப் பேசப்போகிறவரிடம், எல்லோர் போனிலும் ஒரு படம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்பிய ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பிப்ரவரி 20

"நான் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறேன், 34 வயது. இதைப் படித்தால் நம்பிக்கையே போகிறது" என்று எழுதிய தம்பிக்கு.

இந்தப் பேச்சால் உங்கள் இடம் பட்டியலில் போகாது, சிகிச்சையில் ஒரு துளியும் குறையாது. நீங்கள் எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று எழுதி வைக்கலாம், அதுவும் திட்டம்தான். உங்களுக்கு வேண்டியது இப்போதைக்கு ஒன்றே ஒன்று: நினைவில்லாமல் கிடந்தால் யார் பேச வேண்டும் என்று ஒருவரைச் சொல்லி வையுங்கள். திருமணமாகியிருந்தால் மனைவியா பெற்றோரா என்பதிலேயே ஆஸ்பத்திரி வாசலில் சண்டை வரும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நன்றாக இருங்கள்.

யாருக்கு இந்தப் பேச்சு அவசரம் என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "இவர் ஒரு வருடத்துக்குள் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" 2008-ல் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஆச்சரியம் இருக்காது என்று டாக்டர் சொன்னவர்கள் ஒரு வருடத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு. தம்பி, உங்கள் டாக்டர் நிச்சயம் ஆச்சரியப்படுவார்.

மார்ச் 3

சகோதரி எழுதியிருக்கிறார். அம்மா அண்ணனிடம் நேரடியாகப் பேசிவிட்டார். டயாலிசிஸ் வேண்டாம், மாதிரிக்குக்கூட வேண்டாம். காய்ச்சலோ நிமோனியாவோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம். ஐசியூ வேண்டாம். அவருக்கு இருந்த பயம் சாவைப் பற்றியது இல்லையாம், மூச்சு முட்டுவதைப் பற்றியதாம். அண்ணன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த தடவை டாக்டரிடம் தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் வரட்டும். அவருக்கும் கேள்விகள் இருக்கும், டாக்டர் வாயிலிருந்து பதில் கேட்டால் அவருக்கு ஆறுதல். ஒத்துக்கொள்ள அவகாசமும் கொடுங்கள், என் தம்பிக்கும் ஆயிற்று.

அன்று கேட்டுவர வேண்டியவை: ராத்திரி மூச்சு முட்டினால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், அந்த நேரத்தில் எடுப்பவர் யார்? முதலில் கொடுக்க வேண்டிய மருந்து எது, அதை இன்றே எழுதித் தருவாரா? சிறுநீர் பெருக்கி மாத்திரையின் அளவை வீட்டிலேயே எவ்வளவு கூட்டலாம்? எடை எத்தனை கிலோ ஏறினால் அவருக்குச் சொல்ல வேண்டும்? ஆதரவு சிகிச்சை குழுவிடம் இப்போதே அனுப்புவாரா? ஃபிஸ்டுலாவுக்குத் தேதி கொடுத்திருந்தால் அதை ரத்து செய்யவும் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், அம்மா ஒவ்வொரு தடவையும் தன் முடிவை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.